பையர் திவாலானால் நம் பணம் என்ன ஆகும்? ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழில்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் இந்த ஊர்கள் மூன்று கலெக்டர்களின் கீழ் வந்துவிட்டன. ஆனால் பழைய வட ஆற்காட்டின் தோல் தொழில் இன்னும் ஒரே குடும்பம்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நம் சரக்கை வாங்கும் பையர் ஒருவர், செருப்புக் கடைக்காரர், கையை விரித்தால் பேரணாம்பட்டில் ஒரு வீட்டில் சம்பளம் நிற்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்ப்பது என் வேலை. பேங்க் வரிசையிலும் டீக்கடையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை என்றால் இதைப் படித்துவிட்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பையர் திவால் என்று ஏஜென்ட் வாட்ஸப்பில் சொல்கிறார். இரண்டு கன்டெய்னர் கடலில் இருக்கிறது. முதல் வேலை என்ன?

பி.எல்., அதாவது சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய கப்பல் ரசீது, யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வக்கீலுக்கு போன் போடுவதுகூட அதற்கு அப்புறம்தான்.

ஒரிஜினல் பி.எல். உங்கள் பீரோவில் இருந்தாலும், பேங்க் வழியாகப் போய் பையரின் பேங்கில் பணம் கட்டப்படாமல் கிடந்தாலும் சரக்கு இன்னும் உங்கள் பிடியில்தான் இருக்கிறது. உங்கள் பேங்க் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள்: பத்திரங்களைப் பையருக்கு விடக் கூடாது என்று அந்த வெளிநாட்டு பேங்குக்கு உடனே தகவல் போக வேண்டும்.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் 50-ஆம் பிரிவை நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. விலை வாங்காத விற்பனையாளர், வாங்கியவர் நொடித்துப் போனால், வழியில் இருக்கும் சரக்கை நிறுத்தித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. நொடித்தவர் என்பதற்குக் கோர்ட் உத்தரவு தேவையில்லை. வழக்கமான வியாபாரத்தில் பாக்கியைக் கட்டுவதை நிறுத்திவிட்டாலே போதும் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. எப்படி நிறுத்துவது? கப்பல் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்தால் போதும். சென்னை அலுவலகத்துக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, இ-மெயிலும் கடிதமும் இரண்டுமாக. கப்பலுக்கோ இறங்கும் துறைமுகத்துக்கோ தகவல் போய்ச் சேர நேரம் இருக்க வேண்டும். திருப்பிக் கொண்டுவரும் செலவு உங்களுடையது.

இரண்டு சமயங்களில் இந்தக் கதவு மூடிவிடும். பையரோ அவர் ஆளோ கப்பல்காரரிடமிருந்து சரக்கை எடுத்துவிட்டால் ஒன்று. பையர் அந்த பி.எல்.-ஐ விவரம் தெரியாத மூன்றாம் ஆளுக்குப் பணத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் இன்னொன்று. பி.எல்.-ஐ முன்கூட்டியே சரண்டர் செய்து, ஒரிஜினல் இல்லாமலே சரக்கை விடச் சொல்லும் டெலக்ஸ் ரிலீஸ் கொடுத்திருந்தால், சட்டம் என்ன சொன்னாலும், நடைமுறையில் உங்கள் கை பலவீனம்தான். ஏர் ஷிப்மென்ட் என்றால் சரக்கு பையர் கையில் சேரும் வரை திருப்பிவிடச் சொல்லும் உரிமை அனுப்பியவருக்கு உண்டு. அதற்கு உங்கள் ஏர்வே பில் காப்பியைக் காட்ட வேண்டியிருக்கும்.

அதே நாளில், ஏற்றுமதிப் பாக்கிக்கு இன்ஷூரன்ஸ் தரும் இ.சி.ஜி.சி.க்கும் எழுதிவிடுங்கள். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

திவால், நொடிப்பு, மஞ்சள் கடுதாசி எல்லாம் ஒன்றா?

பேச்சில் ஒன்று, சட்டத்தில் வேறு. மஞ்சள் கடுதாசி கொடுத்தான், ஐ.பி. போட்டான் என்று நாம் சொல்வது தனி ஆள் நீதிமன்றத்தில் கொடுக்கும் நொடிப்பு மனுவை. நம் பக்கம் அது இன்னும் 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ்தான் போகிறது. கம்பெனி என்றால் 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு. அது சென்னையில் உள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் நடக்கும். எல்லோரும் என்.சி.எல்.டி. என்பது அதைத்தான்.

வெளிநாட்டில் இன்னொரு வித்தியாசம் உண்டு. அமெரிக்கப் பையர் திவால் சட்டத்தின் சாப்டர் 11 மனு போட்டிருக்கிறார் என்றால் கடையை மூடுகிறார் என்று அர்த்தமில்லை. கடனைச் சீரமைத்துத் தொடர்ந்து நடத்தப் பார்க்கிறார். பேலெஸ் என்ற அமெரிக்க ஷூ கடைக் குழுமம் 2017-ல் சாப்டர் 11 போட்டு மீண்டு வந்தது, 2019-ல் மறுபடி போட்டது. ஜெர்மனியில் கோர்ட்ஸ் 2022-லும் ரெனோ 2023-லும் நொடிப்பு நடைமுறைக்குப் போயின. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை என்றோ ஒருநாள் வரும் விபத்தாக நினைத்துக்கொண்டு இருக்க முடியாது.

ஒப்பந்தத்தில் சென்னை கோர்ட், இந்தியச் சட்டம் என்று போட்டிருக்கிறோம். இங்கேயே வழக்குப் போடலாமே?

போடலாம், தீர்ப்பும் வாங்கலாம். ஆனால் பையரின் சொத்து எல்லாம் அங்கே கோர்ட் நியமித்த நிர்வாகி கையில் பூட்டப்பட்டிருக்கும். அங்கே நொடிப்பு நடைமுறை தொடங்கியவுடன் தனித்தனியாக யாரும் வசூலிக்க முடியாதபடி தடை வந்துவிடும். அப்போது சென்னைத் தீர்ப்பு, பாக்கி இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி. அவ்வளவுதான் அதன் பயன்.

முக்கிய நடைமுறை எந்த நாட்டினுடையது என்பதற்குப் பல நாடுகள் ஏறக்குறைய ஒரே அளவுகோலை வைத்திருக்கின்றன. அந்தக் கம்பெனியின் முக்கிய நலன்களின் மையம் எங்கே என்று பார்ப்பார்கள். பதிவு அலுவலகம் இருக்கும் இடம்தான் மையம் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள், வேறு இடம் என்று யாராவது நிரூபித்தால் மாறும். ஆஸ்திரியாவில் கடைகள், ராட்டர்டாமில் கிடங்கு, ஹாம்பர்க்கில் அலுவலகமும் கணக்கும் என்றால் பெரும்பாலும் ஹாம்பர்க். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2015/848 எண்ணுள்ள ஒழுங்குவிதி 2017 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாட்டில் தொடங்கிய நடைமுறையை மற்ற உறுப்பு நாடுகள் தனியாக வழக்கு நடத்தாமலே ஏற்றுக்கொள்ளும். டென்மார்க் மட்டும் இதில் சேரவில்லை. கடைசி நேரத்தில் சலுகையான நாட்டுக்கு அலுவலகத்தை மாற்றிக்கொண்டு ஓடுவதையும் அது தடுக்கிறது: மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் பதிவு அலுவலகத்தை மாற்றியிருந்தால் அந்த அனுமானம் செல்லாது.

ஜெர்மனியிலிருந்து ஜெர்மன் மொழியில் ஒரு தடித்த கவர் வந்திருக்கிறது. அவசரமா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மேஜையிலேயே நடந்தது இது.

சில வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு கவர் வந்தது. வெளிர் சாம்பல் நிறத் தாள், மேலே ஒரு வழக்கு எண், நடுவில் ஒரு கட்டம் போட்ட படிவம், கடைசியில் வங்கிக் கணக்கு எழுத ஒரு கோடு. "அண்ணா, ஏதோ ஜெர்மன் கடுதாசி வந்திருக்கு, விளம்பரம் மாதிரி தெரியுது" என்று டெஸ்பாட்ச் பையன் கொண்டுவந்து வைத்தான். அந்தப் பையர் அப்போதும் ஏஜென்ட் மூலமாக நாளைக்குப் பணம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் நானும் அதைக் கூரியர் ஃபைலில் செருகிவிட்டேன். எட்டு வாரம் கழித்து, வேறு ஏதோ தேடும்போது அந்தப் படிவத்தில் தடித்த எழுத்தில் ஒரு தேதி இருப்பதைப் பார்த்தேன். அந்தத் தேதி போய் 11 நாள் ஆகியிருந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு இருக்கிறது.

ஜெர்மனியில் முறை இப்படி. முதலில் கோர்ட் ஒரு தற்காலிக நிர்வாகியைப் போடும். அப்புறம் சில வாரமோ மாதமோ கழித்து நடைமுறையை முறைப்படித் திறக்கும் உத்தரவு வரும். அந்த உத்தரவிலேயே பாக்கி வரவேண்டியவர்கள் உரிமை கோரக் கெடு இருக்கும். இரண்டு வாரத்துக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மிகாமல். கோரிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்பக் கூடாது, நிர்வாகிக்குத்தான் அனுப்ப வேண்டும். அவர் ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றையும் சரிபார்ப்பார். டாலரில் இன்வாய்ஸ் இருந்தால் நடைமுறை திறந்த நாளின் மாற்று விகிதத்தில் யூரோவாக்க வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல்., சரக்கு வந்து சேர்ந்ததாகப் பையர் எழுதிய மெயில், எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள். கோர்ட் மொழி ஜெர்மன் என்பதால் மொழிபெயர்ப்பு கேட்கப்படலாம்.

கெடு தவறினாலும் ஜெர்மனியில் கதவு உடனே அடைபடாது. தாமதமாகக் கொடுக்கலாம், அதைத் தனியாகச் சரிபார்க்கும் செலவு மட்டும் உங்கள் தலையில். நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். எல்லா நாட்டிலும் இப்படி இரக்கம் கிடைக்காது. அமெரிக்காவில் கெடு போனால் பெரும்பாலும் போனதுதான்.

எவ்வளவு கிடைக்கும் என்றால், அடமானம் இல்லாத சாதாரண பாக்கிக்கு நூற்றுக்கு ஒற்றை இலக்கத்தில் வருவதுதான் வழக்கம், அதுவும் சில வருடம் கழித்து. அப்படியானால் எதற்கு இந்த மெனக்கெடு? இ.சி.ஜி.சி.யிலும் ரிசர்வ் வங்கி கணக்கிலும் அடுத்த படி ஏற இந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

அமெரிக்கப் பையருக்கு அனுப்பினோம். அங்கே ஏதாவது முன்னுரிமை உண்டா?

உண்டு, நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதினது போல ஒன்று. மனு போட்ட நாளுக்கு முந்தைய 20 நாளுக்குள், வழக்கமான வியாபாரத்தில் பையர் பெற்ற சரக்கின் மதிப்புக்கு நிர்வாகச் செலவுக்கு இணையான முன்னுரிமை தருகிறது அமெரிக்கத் திவால் சட்டத்தின் 503-ஆம் பிரிவு. அப்படியென்றால் சாதாரண வரிசையில் கடைசியில் நிற்க வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கப்பலில் ஏற்றும் வரை மட்டும் விற்பவர் பொறுப்பு என்ற எஃப்.ஓ.பி. கணக்கில் அனுப்பினால் சென்னை துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே பையர் பெற்றுவிட்டதாக ஆகுமா? அப்படி ஆனால் கடலில் போகும் நாள்களிலேயே 20 நாள் ஓடிவிடும். 2017-ல் பிலடெல்பியாவில் உள்ள மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேர்ல்ட் இம்போர்ட்ஸ் வழக்கில் இதைத் தீர்த்தது. சீனாவிலிருந்து எஃப்.ஓ.பி.யில் சரக்கு அனுப்பிய கம்பெனிகள் தொடுத்த வழக்கு அது. பையரோ அவர் ஆளோ சரக்கைக் கையில் வாங்கிய நாள்தான் பெற்ற நாள், கப்பலில் ஏற்றிய நாள் கணக்கில்லை என்றது தீர்ப்பு. சீனச் சப்ளையருக்குக் கிடைத்த அந்த வாதம் ஆம்பூர் சப்ளையருக்கும் அப்படியே பொருந்தும். அதனால் கன்டெய்னர் பையரின் கிடங்குக்குள் நுழைந்த தேதிக்கான டெலிவரி ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மனுவுக்கு முந்தைய 90 நாளில் உங்களுக்கு வந்த பழைய பாக்கியைத் திருப்பிக் கொடு என்று நோட்டீஸ் வரலாம். ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களை விட்டதாக அதைப் பார்ப்பார்கள். இதற்குத் தற்காப்பு வாதங்கள் இருக்கின்றன, நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால்?

1890-ல் ஆண்டனி கிப்ஸ் என்ற லண்டன் கம்பெனியின் வழக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் உண்டான கடனை வேறொரு நாட்டின் நொடிப்பு நடைமுறை ரத்து செய்ய முடியாது என்பது அதன் சாரம். அந்த வேறு நாட்டு நடைமுறையில் நீங்களே போய்ப் பங்கெடுத்தால் மட்டும் நிலைமை மாறலாம். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதை விடவில்லை. உலக ஒத்துழைப்புக்கு இது முட்டுக்கட்டை என்று பல சட்ட அறிஞர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனாலும் இங்கிலாந்துச் சட்டம் எழுதிய ஒப்பந்தம் உங்கள் கையில் இருந்தால், வேறு நாட்டில் உரிமை கோரும் முன் வக்கீலிடம் இதை ஒரு வார்த்தை கேளுங்கள்.

உலகம் முழுக்க ஒரே திவால் சட்டம் ஏன் இல்லை?

யாருக்கு முதலில் பணம் என்பது ஒவ்வொரு நாட்டிலும் அரசியல் முடிவு. தொழிலாளிக்கா, வரிக்கா, பேங்குக்கா என்று ஒவ்வொரு நாடும் தன் வரிசையைத் தானே வைத்திருக்கிறது. அதை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதனால் ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரல் 1997-ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது. அது கடன் வரிசையைத் தொடவில்லை. ஒரு நாட்டு நிர்வாகி இன்னொரு நாட்டுக் கோர்ட்டுக்குள் நுழைய வழி, அவருடைய நடைமுறைக்கு அங்கீகாரம், அங்கீகரித்ததும் சொத்துகளைக் கலைக்காமல் இருக்கத் தடை, இரு நாட்டு நீதிபதிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ள அனுமதி. இவ்வளவுதான். நாட்டின் பொதுக் கொள்கைக்கு வெளிப்படையாக முரணானதை மறுக்கும் உரிமையும் இருக்கிறது.

நமக்கு முக்கியம் அதன் 13, 14-ஆம் விதிகள். பாக்கி வரவேண்டிய வெளிநாட்டவருக்கு உள்நாட்டுக்காரருக்கு உள்ள அதே உரிமை, வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காக மட்டும் வரிசையில் கீழே தள்ளக் கூடாது, தகவலும் அனுப்ப வேண்டும். சுமார் 60 நாடுகள் இதைத் தழுவிச் சட்டம் இயற்றியிருக்கின்றன: ஜப்பான் 2000-ல், அமெரிக்கா 2005-ல் சாப்டர் 15 என்ற பெயரில், பிரிட்டன் 2006-ல், ஆஸ்திரேலியா 2008-ல், சிங்கப்பூர் 2017-ல். ஜெர்மனி இதைத் தழுவவில்லை, ஆனால் தன் சொந்தச் சட்டத்திலேயே வெளிநாட்டு நடைமுறைகளை ஏற்க வழி வைத்திருக்கிறது.

இந்தியா சேர்ந்துவிட்டதா?

2016 சட்டத்தில் 234, 235 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. முதலாவது, வேறு நாடுகளோடு இருதரப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்கிறது. இரண்டாவது, அப்படி ஒப்பந்தம் உள்ள நாட்டின் கோர்ட்டுக்கு வேண்டுகோள் கடிதம் அனுப்பலாம் என்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டில் அப்படி ஒரு ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்ததில்லை. கதவு வைத்தார்கள், தாழ்ப்பாள் திறக்கவில்லை. 2018 அக்டோபரில் நொடிப்புச் சட்டக் குழு மாதிரிச் சட்டத்தை ஏற்கலாம் என்று வரைவோடு பரிந்துரைத்தது. 2025 ஆகஸ்ட் 12 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதாவில், எல்லை கடந்த நொடிப்புக்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தரும் பிரிவு இருந்தது.

சட்டம் இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு ஜெட் ஏர்வேஸ்தான் உதாரணம். 2019 மே 21 அன்று நெதர்லாந்து கோர்ட் அந்தக் கம்பெனியைத் திவால் என்று அறிவித்தது. அதன் ஒரு விமானம் ஆம்ஸ்டர்டாமில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2019 ஜூன் 20 அன்று மும்பைத் தீர்ப்பாயம் தனி வழக்கை ஏற்று, டச்சு உத்தரவு இங்கே செல்லாது என்றது. ஒரே கம்பெனிக்கு இரண்டு நாட்டில் இரண்டு நிர்வாகிகள். கடைசியில் 2019 செப்டம்பர் 26 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருவரும் எழுதிக்கொண்ட ஒத்துழைப்பு நெறிமுறையை ஏற்று, மையம் இந்தியா என்று வைத்துக்கொண்டு வேலையை நகர்த்தியது. நல்ல தீர்வு, ஆனால் அது அந்த வழக்குக்காக உட்கார்ந்து பேசி உண்டாக்கியது. அவ்வளவு பெரிய வக்கீல்களை வைக்க வசதியில்லாத, தோல் பதனிடும் வாணியம்பாடி டேனரிக்கு எழுதி வைத்த விதி வேண்டும்.

2025-ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஓர் இந்தியக் கம்பெனியின் நொடிப்பு நடைமுறையை அங்கீகரித்தது. அவர்கள் நம் நடைமுறையை ஏற்கிறார்கள். அவர்களுடையதை ஏற்க நம்மிடம் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெளிநாட்டுக் கெமிக்கல் சப்ளையருக்கு எங்கள் டேனரி பாக்கி. அவர் இங்கே வந்து எங்கள் மேல் திவால் மனு போட முடியுமா?

முடியும். 2017 டிசம்பர் 15 அன்று மேக்வாரி பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்குப் பிறகு இதில் சந்தேகமில்லை. இந்தியாவில் பேங்க் கணக்கு இல்லாத வெளிநாட்டவர், இந்திய நிதி நிறுவனத்தின் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட மாட்டார். அவருடைய வக்கீலே நோட்டீஸ் அனுப்பலாம். பாக்கி ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 2020 மார்ச் 24 முதல் அதுதான் அளவு. நோட்டீஸ் வந்தால் 10 நாள்தான் இருக்கிறது. சரக்கில் குறை என்று உண்மையாகவே தகராறு இருந்திருந்தால், அது நோட்டீஸுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். டிரம்மில் வந்த சாயம் சரியில்லை என்று போனில் கத்தியது கணக்கில் வராது.

பையர் பணம் தரவில்லை, அதனால் ஜாப் ஒர்க் பணம் தர முடியாது என்கிறது ஷூ கம்பெனி. நியாயமா?

சட்டப்படி இல்லை. உங்கள் ஒப்பந்தம் ஷூ கம்பெனியோடு. பையருக்கு என்ன ஆனது என்பது அவர்கள் பாடு. அரசின் உத்யம் பதிவு உள்ள குறு, சிறு தொழிலாக இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் கெடு இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, எழுத்தே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இந்தப் பாக்கித் தகராறைத் தீர்க்க அதே சட்டத்தில் உள்ள வசதி மன்றத்தில் மனு கொடுக்கலாம். மன்றத் தீர்ப்பை எதிர்த்து அந்தக் கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதம் முதலில் கட்ட வேண்டும்.

ஆனால் அந்த ஷூ கம்பெனியே என்.சி.எல்.டி.க்குப் போய்விட்டால் எல்லா வசூலும் நின்றுவிடும். பொது அறிவிப்பு வந்ததும், தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணரிடம் உரிமை கோருங்கள். அறிவிப்பில் தேதி இருக்கும்.

தொழிலாளிகளுக்கு? வீட்டில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பெண்களுக்கு?

பேரேட்டில் பெயர் உள்ள தொழிலாளிக்கு 2016 நொடிப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு ஓரளவு காவல். கம்பெனியைக் கலைத்து விற்றால், நடைமுறைச் செலவுக்கு அடுத்த படியில், கடைசி 24 மாதச் சம்பள பாக்கி அடமானம் வைத்திருக்கும் பேங்கோடு சம வரிசையில் நிற்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதி விற்பனைச் சொத்திலேயே சேராது.

வீட்டில் தைப்பவர்கள் நிலைமை வேறு. ஆம்பூர், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். இடையில் ஒரு ஏஜென்ட் மூட்டை கொண்டுவந்து போடுகிறார், மூட்டை எடுத்துப் போகிறார். பையர் விழுந்தால் முதலில் நிற்பது அந்த மூட்டை. ஹாம்பர்க் நிர்வாகியின் பட்டியலிலும் சென்னைத் தீர்ப்பாயத்தின் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, பிள்ளையின் பழைய கோடு போட்ட நோட்டில் தேதி, ஜோடி எண்ணிக்கை, ஆர்ட்டிகிள் நம்பர், ரேட் என்று நான்கு பத்தி போட்டு எழுதி, மூட்டை எடுக்க வருபவரிடம் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். பணம் நின்றபோது தொழிற்சங்கத்துக்காரர் பேசப் போனதே அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான். அவருக்கு முழுப் பணமும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு, அதே வேலை, அதே மூட்டை, நோட்டு இல்லாததால் பாதிகூட வரவில்லை. தயவுசெய்து உங்கள் தெருவில் தைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் கோர்ட் அவர்கள் ஊர்க்காரருக்குத்தானே சாதகமாக நடக்கும்? நமக்கு என்ன நியாயம் கிடைக்கப் போகிறது?

இந்தப் பயம் ஆதாரமில்லாததில்லை. நம் மண்ணே அதற்குச் சாட்சி. 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் முகமது அலி, மதராஸில் இருந்த ஆங்கிலேயர்களிடம் கடன் மேல் கடன் வாங்கினார். கொடுத்தவர்களில் பலர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களே. கடன் கொடுத்தவரே அதிகாரி, வசூலுக்கு அடமானம் நம் ஊர் நிலவரி. கணக்கைச் சரிபார்க்காமலேயே, அன்று கர்நாடகம் எனப்பட்ட நவாபின் நாட்டு வருவாயிலிருந்து அடைக்க லண்டன் அரசு சம்மதித்தது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்து நீண்ட உரை ஆற்றினார், பலன் இல்லை. 1801-ல் ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. பிறகு மீதிக் கடன்களை ஆராய ஆணையர்களை நியமித்தபோது வந்த கோரிக்கைகளில் பெரும்பகுதி தள்ளுபடி ஆனது. அதற்குள் பாலாற்றங்கரை உழவர்கள் எத்தனை அறுவடையைக் கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அன்று பட்டியல் இல்லை, சரிபார்க்க நடுநிலையான ஆள் இல்லை, ஆட்சேபிக்க இடம் இல்லை. இன்று ஜெர்மன் நிர்வாகி நம் கோரிக்கையை மறுத்தால் காரணம் எழுத வேண்டும், நாம் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். சட்டத்தின் ஆட்சி என்று பெரிய வார்த்தையில் சொல்வதை நான் அந்தக் காரணம் எழுதிய ஒரு வரியில்தான் பார்க்கிறேன்.

உலக விதி நம் ஊருக்கு எதிராகவும் வேலை செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் சர்வதேசச் சட்டத்திலிருந்து இந்தியச் சட்டத்துக்குள் வந்த முக்கிய வழி அந்தத் தீர்ப்பு. நம் தொழிலுக்கு அது கசந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன விவசாயிக்கு அது நியாயம். ஏற்றுமதிப் பணத்துக்கு உலக விதி வேண்டும் என்று கேட்கும் நாம் இதையும் ஏற்கத்தான் வேண்டும்.

ரிசர்வ் வங்கிக்கு என்ன பதில் சொல்வது? பணம் வராத ஷிப்பிங் பில் பேங்க் சிஸ்டத்தில் நிலுவையில் நிற்கிறது.

ஏற்றுமதிப் பணம் குறித்த காலத்துக்குள் வர வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. வராவிட்டால் அடுத்த ஷிப்மென்ட்டுக்கே சிக்கல் வரலாம். பையர் நொடித்துவிட்டார், இனி வசூலாக வாய்ப்பில்லை என்று அங்குள்ள அதிகாரபூர்வக் கலைப்பாளர் தரும் சான்றோடு போனால் உங்கள் பேங்க் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். அந்தச் சான்றைத் தருபவர் அதே நிர்வாகிதான். அவருடைய பட்டியலில் உங்கள் பெயரே இல்லையென்றால் எந்த முகத்தோடு கேட்பது?

இ.சி.ஜி.சி. பாலிசி இருந்தால் கவலையே இல்லையா?

கவலை குறையும். 1957-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. பையர் நொடிப்பது அதன் காப்பில் அடங்கும், பாலிசியைப் பொறுத்து இழப்பில் பெரும்பகுதி கிடைக்கும். ஆனால் அந்தப் பையருக்குக் கடன் வரம்பு வாங்கியிருக்க வேண்டும், ஷிப்மென்ட் விவரத்தை மாதாமாதம் அறிவித்திருக்க வேண்டும், பாக்கி தள்ளிப்போனதையும் நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். பழைய பையர், மூன்று தலைமுறைப் பழக்கம் என்று வரம்பைத் தாண்டி அனுப்பிய இடத்தில்தான் அடி விழுகிறது.

அடுத்த ஆர்டரில் என்ன எழுதிக்கொள்ளலாம்?

முழு விலை வரும்வரை சரக்கின் உரிமை விற்பனையாளருக்கே என்று ஒரு வரி. ஜெர்மனியில் இந்த வரிக்கு நல்ல மதிப்பு உண்டு. விற்காமல் கிடங்கில் கிடக்கும் உங்கள் பெட்டிகளை, உங்களுடையது என்று அடையாளம் காட்ட முடிந்தால், திரும்பக் கேட்கலாம். அதற்காகவே ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் இன்வாய்ஸ் நம்பர் அச்சடியுங்கள். அந்த வரி ஆர்டர் உறுதிப்படுத்தும்போதே பையர் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். இன்வாய்ஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் பிறகு போட்டால் தகராறு வரும். தகராறுக்கு நடுவர் மன்றம் என்று எழுதுவது கோர்ட்டை எழுதுவதைவிட நல்லது, ஏனென்றால் 1958 நியூயார்க் உடன்படிக்கையால் நடுவர் தீர்ப்பைப் பெரும்பாலான நாடுகளில் அமல்படுத்தலாம். சென்னை கோர்ட் தீர்ப்புக்கு ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ அந்த வசதி எளிதில் இல்லை.

புதுப் பையர் டி.ஏ.யில் (பத்திரத்தை முதலில் வாங்கிக்கொண்டு பணத்தைப் பிறகு கட்டுவது) 90 நாள் கேட்டால், முதல் இரண்டு ஆர்டராவது அவர் பேங்கே பணத்துக்குப் பொறுப்பேற்கும் எல்.சி. கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அட்வான்ஸ் கேளுங்கள். அதுவும் முடியாது என்றால் வெட் ப்ளூ (பாதி பதனிட்ட தோல்) ஸ்டாக்கில் இருக்கும் தோலை அப்படியே வைத்திருங்கள், இன்னொரு பையர் வருவார்.